எழுத்து தங்க வேண்டும்: சொந்த வலைப்பதிவில் பிளகின்களும் நிரல் திருத்தங்களும்

சொந்த டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் எடுத்து, வேர்ட்பிரஸை நிறுவி எழுதத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே கை துறுதுறுக்கும். தலைப்பின் எழுத்துரு மாற வேண்டும். பழைய கட்டுரைகள் ஓரத்தில் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் பகிர ஒரு பொத்தான் வேண்டும். வாசிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று மேலே காட்டினால் நன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிளகின் இருக்கிறது. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வக் கிடங்கில் மட்டும் ஏறத்தாழ 60,000 இலவசப் பிளகின்கள் குவிந்துள்ளன; தேடி, நிறுவி, இயக்க ஒரு நிமிடம் போதும். உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுவதற்கு இந்த வசதி ஒரு முதன்மைக் காரணம். அந்தத் தளங்கள் மந்தமாவதற்கும், ஒரு நாள் காலையில் வெறும் வெள்ளைத் திரையாக நிற்பதற்கும், அந்நியர் கைக்குப் போவதற்கும் பெரும்பாலும் இதே வசதிதான் வழி திறக்கிறது.

‘எத்தனை பிளகின் வரை போடலாம்?’ என்று புதிதாகத் தளம் தொடங்கியவர்கள் கேட்பதுண்டு. பத்து என்பார் சிலர், இருபது என்பார் சிலர். எண்ணிக்கை இங்கே அளவுகோலே அல்ல என்பது என் முடிவு. நாலைந்து வரி மட்டுமே கொண்ட முப்பது பிளகின்கள் இருப்பதே தெரியாமல் ஓடும். ஒற்றைப் பிளகின் தளத்தையே விழுங்கிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தத் திருத்தம் எந்த இடத்தில் இருக்கிறது? அதை யார் பராமரிக்கிறார்? நாளை அதை எடுத்துவிட்டால் எழுதிய எழுத்தில் என்ன மிஞ்சும்? மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் வைப்பேன். தமிழில் தனித் தளங்களில் எழுதப்பட்ட பலவற்றுக்கு அச்சுப் பிரதி கிடையாது. தளம் போனால் எழுத்தும் போய்விடும்.

கோப்பைத் திறந்து ஒட்டிய காலம்

மிஷெல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற நிரலின் வளர்ச்சி நின்றுபோனபோது, அதை எடுத்து மேத் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடர்ந்ததுதான் வேர்ட்பிரஸ். 2003 மே 27 அன்று அதன் முதல் பதிப்பு 0.7 வெளிவந்தது. சொந்த சர்வரில் எழுதியவர்களிடையே அப்போது செல்வாக்கோடு இருந்தது மூவபிள் டைப். பென் டிராட், மீனா டிராட் தம்பதி 2001இல் வெளியிட்ட அந்த மென்பொருளிலும் பேர்ல் மொழியில் எழுதிய பிளகின்கள் இருந்தன. 2004 மே மாதம் அதன் 3.0 பதிப்பு வந்தபோது உரிம விதிகள் மாறின. பல வலைப்பதிவுகளும் பல எழுத்தாளர்களும் கொண்ட தளங்கள் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தது. அதே மாதம் வேர்ட்பிரஸ் 1.2 வெளிவந்தது. பிளகின் வசதி அதில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைத்த அந்த மென்பொருளுக்குப் பலர் குடிபெயர்ந்தார்கள்.

பிளகின் வசதி வருவதற்கு முன்பு திருத்தம் செய்வது என்றால் மூலக் கோப்பைத் திறந்து, யாரோ தந்த வரிகளை நடுவில் ஒட்டிச் சேமிப்பதுதான். ‘ஹேக்’ என்றே அதைச் சொன்னார்கள். தொடக்ககால வேர்ட்பிரஸில் இதற்கென்றே ‘மை-ஹேக்ஸ்’ என்று ஒரு தனிக் கோப்பு வைக்கவும் இடம் இருந்தது. புதுப் பதிப்பு வரும்போது பழைய கோப்புகள் மேல் புதுக் கோப்புகள் ஏறும். ஒட்டிய வரிகள் அத்தனையும் அழியும். அதற்குப் பயந்து பதிப்பை ஏற்றாமலே விட்டவர்கள் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பிளகின் முறை இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தை உருவாக்கும்போது குறிப்பிட்ட இடங்களில் நின்று, ‘இங்கே யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டு நகர்கிறது. அந்த இடங்களுக்கு ஹூக் என்று பெயர். அவற்றில் இரண்டு வகை. ஆக்‌ஷன் வகையில், அந்தக் கட்டத்தில் நமது வேலை ஒன்றைச் செய்யச் சொல்லலாம். பக்கத்தின் அடியில் ஒரு வரி அச்சிடுவது போல. ஃபில்டர் வகையில், வேர்ட்பிரஸ் கையில் வைத்திருக்கும் ஒன்றை நம்மிடம் தரும். நாம் மாற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டுரையின் உடல் வாசகரிடம் போவதற்கு முன் ‘தி_கன்டென்ட்’ என்ற ஃபில்டர் வழியாகப் போகிறது. அங்கே ஒரு சிறு நிரலை இணைத்தால் ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் ஆசிரியர் குறிப்பைச் சேர்க்கலாம். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். தரவுத்தளத்தில் கட்டுரை எழுதியபடியே இருக்கும். இணைப்பை எடுத்தால் குறிப்பும் போய்விடும். எழுத்தைத் தொடாமல் எழுத்தின் தோற்றத்தை மாற்றும் இந்த ஏற்பாட்டைத்தான் வேர்ட்பிரஸ் செய்த மிக நல்ல காரியம் என்று கருதுகிறேன். பழக விரும்புகிறவர் பதிவிறக்கத்தோடு வரும் ‘ஹலோ டாலி’ பிளகினைத் திறந்து படிக்கலாம். நிர்வாகப் பக்கத்தின் மேல் ஒரு பாடல் வரியைக் காட்டுவதைத் தவிர வேறு எதையும் செய்யாத அந்தச் சிறிய கோப்பில் இந்த முறை முழுதும் தெரியும்.

2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு தீம்களைக் கொண்டுவந்தது. 2008 டிசம்பரில் வந்த 2.7 நிர்வாகப் பக்கத்திலிருந்தே பிளகினைத் தேடி நிறுவ வழிசெய்தது. அதுவரை எஃப்டிபி மூலம் கோப்பை ஏற்றத் தெரிந்தவர் மட்டுமே செய்த வேலை, எல்லோருக்கும் ஒரு சொடுக்காகச் சுருங்கியது.

எந்தத் திருத்தம் எங்கே

மூலக் கோப்புகளைத் தொடக் கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. குழப்பம் அடுத்த படியில் வருகிறது. தீமுக்குள் ‘ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி’ என்று ஒரு கோப்பு இருக்கும். வழிகாட்டிக் கட்டுரைகளில் பாதி ‘இந்த வரிகளை அதில் ஒட்டுங்கள்’ என்றே சொல்லும். ஒட்டினால் வேலையும் நடக்கும். தீம் அப்டேட் ஆகும்போது வரிகள் மறையும். அதைத் தவிர்க்க சைல்ட் தீம் இருக்கிறது: மூலத் தீமைத் தொடாமல் பக்கத்தில் ஒரு கோப்புறை வைத்து, மாற்ற வேண்டியதை மட்டும் அதில் எழுதுவது. தோற்றம் தொடர்பான திருத்தங்களுக்கு அது சரியான இடம். நிறமும் இடைவெளியும் மட்டும் மாற வேண்டுமென்றால் அதுகூட வேண்டாம். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பு முதல் கூடுதல் சிஎஸ்எஸ் எழுத ஒரு பெட்டி உண்டு.

ஆனால் தோற்றத்தோடு சேராத திருத்தங்களைத் தீமில் வைப்பது தவறு. புத்தக மதிப்புரைகளுக்கென்று ஒரு தனிப் பதிவு வகையை உருவாக்கும் நிரலைத் தீமில் எழுதி வைத்தவர், இரண்டு ஆண்டு கழித்துத் தீமை மாற்றினால் அந்த மதிப்புரைகள் அனைத்தும் பட்டியலிலிருந்து காணாமல் போகும். தரவுத்தளத்தில் இருக்கும், காட்ட ஆள் இருக்காது. இப்படிப்பட்டவற்றை அந்தத் தளத்துக்கென்றே எழுதிய ஒரு சிறு பிளகினில் வைக்க வேண்டும். டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறைக்குள் ‘எம்யூ-பிளகின்ஸ்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதில் கோப்பைப் போட்டால், யாரும் தவறிப்போய் நிறுத்த முடியாதபடி எப்போதும் ஓடும். ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் எதற்காக, எந்த ஆண்டில் எழுதியது என்று ஒரு வரிக் குறிப்பு இருப்பது பிற்காலத்தில் பெரிய உதவி. அதைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம். பிஎச்பிக்கு ஆட்சேபம் இல்லை.

ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் தளம் முழுதும் வெள்ளைத் திரையாகும் என்ற பயம் பலரை இந்தப் பக்கமே வரவிடாமல் தடுத்தது. 2017 நவம்பரில் வந்த 4.9 நிர்வாகப் பக்கத்துத் தொகுப்பானில் பிழை பார்க்கத் தொடங்கியது. 2019 மே மாதம் வந்த 5.2, பிளகின் விழுந்தால் உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்தப் பிளகினை மட்டும் நிறுத்திவைத்து உள்ளே வர வழி தருகிறது. பயம் இப்போது தேவையில்லை. நேரலைத் தளத்தில் சோதிக்காமல் நகல் தளத்தில் சோதிக்கும் வழக்கம் மட்டும் தேவை.

2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த பிளாக் தீம்கள் இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தன. தள வடிவமைப்பை நிர்வாகப் பக்கத்திலேயே இழுத்து வைத்து மாற்றும்போது அந்த மாற்றங்கள் கோப்பில் அல்ல, தரவுத்தளத்தில் சேர்கின்றன. கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்து வைக்கும் பழைய பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ் எழுத்து நுழையும்போது

ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய பிளகின்கள் தமிழில் தடுமாறும் இடங்கள் பல. இவற்றைப் பற்றித் தமிழில் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் வருத்தம்.

முகவரியிலிருந்து தொடங்கலாம். யூனிகோடில் தமிழுக்கு உரிய ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். இணைய முகவரியில் சதவீதக் குறியோடு எழுதும்போது ஒரு பைட் 3 எழுத்தாகும். ஆக, ஒரு குறிக்கு 9 எழுத்து. ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக 2 குறி. ‘கொ’ என்பதும் 2 குறி. கட்டுரைத் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் முகவரித் துண்டு, தரவுத்தளத்தில் 200 எழுத்து மட்டுமே கொள்ளும் இடத்தில் சேமிக்கப்படுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ என்ற இரண்டு சொல்லே 17 குறி. நடுவில் வரும் இடைக்கோட்டோடு 154 எழுத்து ஆகிறது. மூன்றாவது சொல் பெரும்பாலும் நடுவிலேயே அறுபடும். மொத்தம் 22 குறிக்கு மேல் இடமே இல்லை. அதோடு, அந்த முகவரியைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும்; அதைத் தொட்டு உள்ளே போக யாருக்கும் மனம் வராது.

இதற்கு எழுத்துப்பெயர்ப்புப் பிளகின்கள் இருக்கின்றன. ஆனால் வெளியிடும் முன் முகவரித் துண்டைக் கையால் சுருக்கி எழுதுவதே நல்லது. ஒன்றிரண்டு சொல் போதும், தமிழிலோ ரோமன் எழுத்திலோ. பழைய கட்டுரைகளின் முகவரியைத் தனித்தனியாக மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துப் புதியதற்கு அனுப்பிவைக்கும். தளத்தின் இணைப்பு அமைப்பையே மொத்தமாக மாற்றினால் அந்தக் காவலை முழுதாக நம்ப முடியாது. ஆகவே அமைப்பைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது, வெட்டும் இடம். முகப்பில் காட்டும் சுருக்கத்தை வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும்போது 55 சொல்லில் நிறுத்துகிறது. இடைவெளியை வைத்துச் சொல் எண்ணுவதால் தமிழ் எழுத்து உடையாது. ஆனால் ஆங்கிலத்தில் பல சொல்லாக நிற்பது தமிழில் ஒட்டி ஒரே சொல்லாக வருவதால் 55 சொல் ஒரு நீண்ட பத்தியாகிவிடும். ‘எக்ஸர்ப்ட்_லென்த்’ ஃபில்டரில் ஒரு வரி எழுதி 30 ஆக்கினால் முகப்பு சீராகும். சிக்கல் வேறு பிளகின்களில் இருக்கிறது. அண்மைப் பதிவுகளைப் பெட்டியில் காட்டும் பிளகின் தலைப்பை எழுத்தெண்ணிக்கையில் வெட்டும். பிஎச்பியின் ‘சப்ஸ்டர்’ பைட் கணக்கில் வெட்டுவதால் தமிழ் எழுத்தின் நடுவே விழுந்து, கறுப்புச் சதுரத்தில் கேள்விக்குறி தோன்றும். ‘எம்பி-சப்ஸ்டர்’ பயன்படுத்தினால் அது நிற்கும், ஆனால் ‘கொடி’ என்பதன் முதல் குறியோடு நிறுத்தி வெறும் ககரத்தைக் காட்டக்கூடும். ‘கிராஃபீம்-சப்ஸ்டர்’ மட்டுமே நாம் எழுத்து என்று எண்ணுவதை எழுத்தாக எண்ணுகிறது. அதற்கு சர்வரில் இன்ட்ல் என்ற இணைப்பு இருக்க வேண்டும். பிளகினின் நிரலில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று தேடிப் பார்த்தாலே அதை எழுதியவர் பிற மொழிகளை நினைத்தாரா என்பது தெரிந்துவிடும்.

வாசிப்பு நேரம் காட்டும் பிளகின்களிலும் இதே கதை. பிஎச்பியின் சொல்லெண்ணும் செயல்கூறு, வழக்கமான அமைப்பில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாகக் கொள்ளும். இரண்டாயிரம் சொல் கொண்ட தமிழ்க் கட்டுரைக்கு அது தரும் விடை பூஜ்யம்; பிளகின் அதை ‘ஒரு நிமிடம்’ என்று காட்டும். இடைவெளியில் பிரித்து எண்ணச் சொன்னால் சரியாகும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கையும் தமிழுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தேடல் இன்னும் ஆழமான சிக்கல். வேர்ட்பிரஸின் உள்தேடல் கொடுத்த எழுத்துத் தொடர் கட்டுரையில் அப்படியே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ‘மரம்’ என்று தேடுகிறவருக்கு ‘மரத்தில்’, ‘மரங்கள்’ கிடைக்காது. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் முடிவே மாறும் மொழிக்கு இது போதவே போதாது. தேடல் பிளகின்கள் பகுதிச் சொல்லையும் பிடிக்க உதவும். தமிழ்ச் சொல்லின் அடியைப் பிரித்தறியும் வேலையைச் செய்வதில்லை. தமிழ் நிரலாளர்கள் ஒரு நல்ல திறந்த மூலப் பிளகின் எழுத வேண்டிய இடம் இதுதான் என்று அழுத்திச் சொல்வேன்.

அதே தேடலில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தடை உண்டு. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, ஆகாரக் கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களிலிருந்து மாற்றிய எழுத்திலும் சில விசைப்பலகைகளில் தட்டிய எழுத்திலும் இரண்டாம் வடிவம் வரக்கூடும். அப்போது வாசகர் சரியாகத் தட்டியும் கட்டுரை கிடைக்காது. பதிவைச் சேமிக்கும் கட்டத்தில் உள்ள ஃபில்டரில் யூனிகோட் சீராக்கத்தை இணைத்தால் இனி எழுதுவது எல்லாம் ஒரே வடிவில் சேரும். பழையவற்றை ஒரு முறை ஓட்டிச் சரிசெய்யலாம். பத்து வரிக்குள் முடியும் வேலை. தமிழ்த் தளம் நடத்தும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது.

தோற்றத்துக்கு வந்தால், பெரும்பாலான தீம்களின் வரி இடைவெளி ரோமன் எழுத்துக்கு அளந்தது. மேலே இகரச் சுழியும் கீழே உகர வளைவும் கொண்ட தமிழுக்கு எழுத்தளவில் 1.7 மடங்காவது வேண்டும். மேற்கோளையெல்லாம் சாய்வெழுத்தில் காட்டும் தீம்களில் அதை நீக்கிவிட வேண்டும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்படவில்லை, உலாவி நேர் வடிவத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும். இருபக்கமும் சமன்செய்த பத்தி கைபேசியில் நீளமான தமிழ்ச் சொற்களுக்கிடையே பெரிய வெற்றிடங்களை விடும். இடப்பக்கம் மட்டும் சீர்செய்வதே வாசிக்க நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் என்று நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றை கூகுள் சர்வரிலிருந்து அழைக்காமல் சொந்த சர்வரிலேயே வைப்பது மேல். 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, வாசகரின் ஐபி முகவரியை அனுமதியின்றி கூகுளுக்குத் தந்ததாகக் கூறி ஒரு தள உரிமையாளரை 100 யூரோ கொடுக்கச் சொன்னது; ஜெர்மனியில் புலம்பெயர்ந்து எழுதும் தமிழர்களுக்கு இது நேரடியாகவே பொருந்தும். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பின் எழுத்துரு நூலகம் பிளாக் தீம்களில் இந்த வேலைக்குப் பிளகினையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

வேகம்

வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் சர்வரில் பிஎச்பி ஓடி, வேர்ட்பிரஸை ஏற்றி, இயக்கத்தில் உள்ள ஒவ்வொரு பிளகினையும் ஏற்றி, தரவுத்தளத்தைப் பலமுறை கேட்டுப் பக்கத்தைக் கட்டுகிறது. ஒரு முறை கட்டியதைக் கோப்பாக வைத்து அடுத்தவருக்கு அதையே தருவதுதான் கேஷ் பிளகின்களின் வேலை. ரிக்கார்டோ கல்லியின் டபிள்யூபி-கேஷ் இதைச் செய்தது; அதை அடியொற்றி டோன்ச்சா ஓ கீவ் எழுதியதே டபிள்யூபி சூப்பர் கேஷ். வலைப்பதிவுக்குக் கட்டாயம் வேண்டிய பிளகின் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஆனால் கேஷ் நோயை மறைக்கவும் செய்யும். அது நின்ற அன்று தளம் ஊர்ந்தால் அடியில் வேறு கோளாறு இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கோளாறு பெரும்பாலும் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் இருக்கும். பிளகின்கள் தங்கள் அமைப்புகளை அதில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாக ஏற்றும்படி குறித்துவிடுகின்றன. பிளகினை நீக்கிய பின்னும் அந்த வரிகளைத் துடைக்காமல் விடுபவை ஏராளம். ஐந்து ஆண்டு பழைய தளத்தில், என்றோ சோதித்துப் பார்த்த பிளகின்களின் எச்சங்களை இன்றைய வாசகரின் ஒவ்வொரு வருகையும் சுமக்கிறது.

இன்னொன்று, மூலமே வளர்ந்து பிளகின்களை விழுங்கிவருகிறது. திரை அளவுக்கேற்ற படத்தை அனுப்பும் வசதி 2015 டிசம்பரில் 4.4 பதிப்போடு வந்தது. படங்களைத் தாமதித்து ஏற்றுவதும், தேடுபொறிகளுக்கான தள வரைபடமும் 2020 ஆகஸ்டில் 5.5 பதிப்போடு வந்தன. அதற்காக அன்று போட்ட பிளகின் இன்றும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே வேலை இரண்டு முறை நடக்கிறது. கூகுள் சொல்லும் அளவு, பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது. வெறும் எழுத்தும் ஓரிரு படமும் உள்ள தளத்துக்கு இது எட்டாத அளவு அல்ல.

பழைய நிரல் வரிகளுக்கும் ஆயுள் உண்டு. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0 பழைய மைஎஸ்க்யூஎல் செயல்கூறுகளை நீக்கியது. 2020 நவம்பரில் வந்த 8.0 ‘கிரியேட்_ஃபங்ஷன்’ போன்றவற்றை நீக்கியது. வேர்ட்பிரஸ் 5.5 ஜேக்வெரி மைக்ரேட் என்ற பழைய இணைப்பை எடுத்தபோது எண்ணற்ற தளங்களில் பட வில்லைகளும் பட்டிகளும் நின்றுபோயின. பராமரிப்பாளர் இல்லாத பிளகின் கெட்டுப்போக அதில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை, சுற்றி இருப்பது மாறினால் போதும்.

யார் கையில் இருக்கிறது

2011 ஆகஸ்டில் மார்க் மாண்டர் தன் தளம் தாக்கப்பட்டதை ஆராய்ந்தபோது, படத்தின் அளவை மாற்றும் டிம்தம்ப் என்ற சிறு நிரலில் ஓட்டை இருப்பது தெரிந்தது. அது நூற்றுக்கணக்கான தீம்களுக்குள் பொதிந்து கிடந்தது. தன் தீமில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததை எப்படி அப்டேட் செய்வது? 2014இல் ஸ்லைடர் ரெவல்யூஷன் பிளகினிலும் இதுவே நடந்தது. விலைக்கு வாங்கிய தீமோடு சேர்ந்து வந்ததால் அதன் திருத்தப் பதிப்பு பலரைச் சென்றடையவில்லை. அந்த டிசம்பரில் சோக்சோக் என்ற தாக்குதலை ஒட்டி கூகுள் 11,000க்கும் மேற்பட்ட டொமைன்களை எச்சரிக்கைப் பட்டியலில் வைத்தது.

2017 வேறொரு பாடம். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற, ஏறத்தாழ 2,00,000 தளங்களில் இருந்த நல்ல பிளகினை அதை எழுதியவர்கள் விற்றார்கள். வாங்கியவர் அப்டேட் என்ற பெயரில் கள்ளக் கதவை அனுப்பினார். அது தளத்தில் விளம்பரப் பக்கங்களை உருவாக்கியது. உள்நுழைந்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும் அவற்றைக் காட்டாமல் மறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் 3,00,000 தளங்களில் இருந்த கேப்சா என்ற பிளகினும் அப்படியே கைமாறி அப்படியே பிடிபட்டது. நிறுவிய நாளில் ஒருவரை நம்பினோம். இன்று அது யார் கையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

கெட்ட எண்ணம் இல்லாத இடத்திலும் ஓட்டை வரும். 2020 செப்டம்பரில் 7,00,000 தளங்களில் இருந்த ஃபைல் மேனேஜர், 2024 ஆகஸ்டில் 50 லட்சம் தளங்களில் இருந்த லைட்ஸ்பீடு கேஷ், அதே ஆண்டு நவம்பரில் 40 லட்சம் தளங்களில் இருந்த ரியலி சிம்பிள் செக்யூரிட்டி. கடைசியது பாதுகாப்புப் பிளகின். தானியங்கி அப்டேட்டைப் பற்றிப் பல காலம் விவாதம் நடந்தது. அப்டேட்டால் தளம் உடையும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் தினமும் பேக்கப் ஆகும் தனிநபர் வலைப்பதிவுக்கு, உடைந்த தளத்தை மீட்பது களவுபோன தளத்தை மீட்பதைவிட மிக எளிது. தானியங்கி அப்டேட்டை இயக்கிவிடலாம். விலைப் பிளகின்களின் திருட்டுப் பிரதியை இலவசமாகத் தரும் தளங்களின் பக்கம் மட்டும் போகவே கூடாது. டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் ஆண்டுக்கணக்கில் அந்த வழியாகவே பரவியது.

கிடங்கும் ஒருவர் கையில்தான் இருக்கிறது என்பதை 2024 அக்டோபர் காட்டியது. கிடங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் நடந்த மோதலில், அந்த நிறுவனத்தின் அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் பிளகினுக்குக் கிடங்கில் இருந்த இடம் எடுத்துக்கொள்ளப்பட்டு செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது திரும்பக் கிடைத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, தானாக அப்டேட் ஆன தளங்களில் வேறொருவரின் நிரல் வந்து அமர்ந்தது உண்மை.

எடுத்தால் மிஞ்சுவது

2008 மார்ச்சில் வந்த 2.5 பதிப்பு ஷார்ட்கோடு முறையைத் தந்தது. சதுர அடைப்புக்குள் ஒரு சொல் எழுதினால் பிளகின் அந்த இடத்தில் படத்தொகுப்பையோ பொத்தானையோ வைக்கும். வசதிதான். பிளகினை நிறுத்தினால் சதுர அடைப்பும் சொல்லும் கட்டுரையின் நடுவே அப்படியே வாசகருக்குத் தெரியும். பழைய பேஜ் பில்டர்கள் பல, பத்தி பத்தியாக முழுக் கட்டுரையையும் இந்த அடைப்புகளுக்குள் சுற்றிவைத்தன. அவற்றிலிருந்து வெளியேறுவது என்றால் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் கையால் துலக்க வேண்டும். 2018 டிசம்பரில் 5.0 கொண்டுவந்த பிளாக் முறை இந்த வகையில் நல்லது: சாதாரண பிளாக்கின் எழுத்து எச்டிஎம்எல்லாகவே சேமிக்கப்படுவதால் பிளகின் போனாலும் எழுத்து நிற்கும். ஆனால் பக்கம் திறக்கும்போது மட்டும் உள்ளடக்கத்தை உருவாக்கும் பிளாக்குகள் பிளகினோடு சேர்ந்து மறையும்.

ஜெக்கில் (2008), ஹியூகோ (2013) போன்ற நிலைப்பக்க முறைகளுக்கு மாறுபவர்கள் சொல்லும் காரணமும் இதுதான்: எழுத்து வெறும் உரைக் கோப்பாக இருக்கும், தரவுத்தளம் இல்லை, தாக்குவதற்கு ஓடும் நிரல் இல்லை. கட்டளை வரியில் பழகியவருக்கு அது சிறந்த வழி. கைபேசியிலிருந்து எழுதி உடனே வெளியிட நினைப்பவருக்கு வேர்ட்பிரஸே பொருந்தும்.

வேர்ட்பிரஸில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தளத்தின் நகலை எடுத்து, எல்லாப் பிளகின்களையும் நிறுத்தி, வேர்ட்பிரஸோடு வரும் இயல்புத் தீமுக்கு மாற்றி, பழைய கட்டுரைகளில் பத்தைத் திறந்து படிக்க வேண்டும். பத்திகள் முழுதாக இருக்கின்றனவா, படங்கள் சொந்த சர்வரிலிருந்து வருகின்றனவா, சதுர அடைப்புகள் எங்கே துருத்துகின்றன, எந்தக் கட்டுரையில் பாதி காணவில்லை என்று குறித்துக்கொண்டு, அந்தக் கட்டுரைகளை முதலில் சரிசெய்ய வேண்டும். புதுப் பிளகின் தேடுவது அதற்கு அடுத்து.